நாய் வாய் நாற்றம்: முதலில் உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நம்மவர் வீடுகளில் நாய் என்றால் பெரும்பாலும் முற்றத்து நாய்தான். கேட்டுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும், புது ஆள் வந்தால் குரைக்கும், சாப்பாடும் பின்கட்டிலேயே முடிந்துவிடும். அதன் வாய் எப்படி இருக்கிறது என்று பார்க்க யாருக்கும் வேளை வருவதில்லை. தீபாவளி ராத்திரி வெடிச் சத்தத்துக்கு நடுங்குகிறதே என்று உள்ளே கூட்டிவந்து சோபா ஓரமாகப் படுக்க வைக்கும்போதுதான், எங்கிருந்து இந்த நாற்றம் என்று வீடே தேட ஆரம்பிக்கும். கம்பளத்தை முகர்ந்து பார்ப்பார்கள், நாயைக் குளிப்பாட்டுவார்கள், கடைசியில் அது ஒரு கொட்டாவி விடும்போது விஷயம் தெரிந்துவிடும்.

"நாய் வாய் நாறாமல் மல்லிகையா மணக்கும்?" என்று வீட்டுக்கு ஒரு ஆயா கேட்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியில்லை. ஆரோக்கியமான நாயின் வாயில் சாப்பிட்ட சாப்பாட்டின் வாசனை லேசாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே குமட்டுகிறது என்றால் வாய்க்குள் ஏதோ அழுகிக்கொண்டிருக்கிறது.

சாப்பாட்டின் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. புரட்டாசி முழுக்கக் கறி மீன் தொடாத வீடுகளில் நாய்க்கும் ஆட்டெலும்பு கிடையாது, பருப்புச் சோறுதான். அப்படி ஒரு மாதம் போன பிறகும் தீபாவளிக்கு வாய் நாறுகிறது என்றால் சாப்பாட்டைக் குறை சொல்லி என்ன பயன்? பத்தில் எட்டுக்கு மேல் இப்படித்தான் என்று எண்ணிக்கை சொல்ல நான் டாக்டர் இல்லை, ஆனால் எந்த நாய் டாக்டரைக் கேட்டாலும் முதலில் கைகாட்டுவது ஈறைத்தான். வாசனை பிஸ்கட், ஸ்பிரே, தண்ணீரில் கலக்கும் மருந்து என்று கடையில் ஒரு அலமாரியே இருக்கிறது. அதில் கை வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

நாற்றம் எப்படி உண்டாகிறது

சாப்பிட்டு முடித்த சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் பிசுபிசுப்பான ஒரு படலம் படிய ஆரம்பிக்கிறது. அது முழுக்கக் கிருமிகள். நாம் தினமும் பல் தேய்ப்பதே அதைத் துடைத்தெடுக்கத்தான். நாய்க்கு யார் தேய்க்கிறார்கள்? ஓரிரு நாளில் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அந்தப் படலத்தோடு சேர்ந்து இறுகி, மஞ்சளாக, பிறகு பழுப்பாகக் காரை கட்டிவிடும். கட்டிய காரையைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது. காரை சொரசொரப்பாக இருப்பதால் அதன் மேல் புதுப் படலம் இன்னும் வேகமாகப் படியும். கிருமிகள் ஈறுக்கு அடியில் இறங்கி, காற்றுப் படாத இடுக்கில் உட்கார்ந்து, உணவிலும் சிதைந்த திசுவிலும் உள்ள புரதத்தை உடைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் வருகின்றன. அழுகின முட்டை நாற்றத்தில் இருப்பதும் இதே கந்தக வாயுதான்.

இந்தக் கோளாறு கிழட்டு நாய்க்குத்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். மூன்று வயது தாண்டிய நாய்களில் ஈறு நோயின் தொடக்கமாவது இல்லாதவை குறைவு. சின்ன ஜாதிகளில் இன்னும் சீக்கிரம் வருகிறது, ஏனென்றால் மால்டீஸ், யார்க்கி, டாக்ஸ்ஹண்ட் போன்றவற்றின் சின்னத் தாடைக்குள்ளும் பெரிய நாய்க்கு இருக்கும் அதே 42 பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

வாயில் கை வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை

குவாசூலு-நடாலில் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள். நம் மாகாணத்தில் ரேபிஸ் இன்னும் நாய்களிடையே பரவுகிற நோய். நேற்றுவரை நன்றாக இருந்த நாய் திடீரென்று எச்சில் வழிய நிற்கிறது, கீழ்த்தாடை தொங்குகிறது, விழுங்க முடியவில்லை, குரல் மாறிவிட்டது, நடத்தையும் மாறிவிட்டது என்றால், "தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது போல" என்று விரலை விட்டுப் பார்க்கக் கூடாது. ரேபிஸ் நாய்கள் அப்படித்தான் காட்சி தரும். நாயைத் தனியே அடைத்துவிட்டு உடனே கால்நடை டாக்டருக்கோ அரசுக் கால்நடை அலுவலகத்துக்கோ போன் செய்யுங்கள். கடித்துவிட்டாலோ, கையில் இருக்கும் கீறலில் எச்சில் பட்டாலோ, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடமாவது கழுவிவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்கிற பேச்சே வேண்டாம்.

ரேபிஸ் ஊசி இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம். மூன்று மாதத்தில் முதல் ஊசி, அடுத்த ஓராண்டுக்குள் இரண்டாவது, பிறகு குறைந்தது மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை. ஊசி அட்டையைத் தேடி எடுத்துத் தேதியைப் பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் பல் தேய்க்கும் வேலையை ஒத்திவைத்துவிட்டு முதலில் ஊசியைப் போட்டுவிடுங்கள்.

முதல் வேலை: உதட்டைத் தூக்கிப் பார்ப்பது

ஊசி சரியாக இருக்கிறது, நாயும் உங்களிடம் பழகிய நாய் என்றால், பகல் வெளிச்சத்தில் வராந்தாவில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நாய்க்கு நேர் எதிரே முகத்தோடு முகமாக உட்கார வேண்டாம், அது நாய்க்குப் பிடிக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையைத் தாடைக்குக் கீழே கொடுத்து, மறு கைக் கட்டைவிரலால் மேலுதட்டின் ஓரத்தைக் கண் பக்கமாகத் தூக்குங்கள். வாயைத் திறக்கத் தேவையில்லை. பார்க்க வேண்டியதெல்லாம் பல்லின் வெளிப்பக்கத்தில்தான் இருக்கிறது.

முன்னால் இருக்கும் பற்களை மட்டும் பார்த்துவிட்டு வெள்ளையாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். கோரைப் பல்லுக்குப் பின்னால் வரிசையாகப் போனால் மேல் தாடையில் மலை முகடு மாதிரி ஒரு பெரிய பல் வரும். எச்சில் சுரப்பியின் வாய் அதற்குப் பக்கத்தில்தான் திறக்கிறது, அதனால் காரை முதலில் கட்டுவதும் அதிகம் கட்டுவதும் அந்தப் பல்லில்தான். அந்த ஒரு பல்லைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். ஈறு ஓரம் இளஞ்சிவப்பாக, பல்லோடு ஒட்டி இருந்தால் நல்லது. பல்லை ஒட்டிச் சிவப்புக் கோடு போட்டது போல் இருந்தால் வீக்கம் தொடங்கிவிட்டது, ஆனால் மீட்டுவிடலாம். ஈறு கீழிறங்கி வேர் தெரிகிறது, தொட்டால் ரத்தம் வருகிறது, சீழ் கசிகிறது, பல் ஆடுகிறது என்றால் பிரஷ் வாங்கும் கட்டம் தாண்டிவிட்டது, டாக்டரிடம்தான் போக வேண்டும்.

அந்தப் பெரிய பல்லின் வேரில் சீழ் கட்டினால் வீக்கம் வாயில் தெரியாது, கண்ணுக்குக் கீழே கன்னத்தில் தெரியும். தேனீ கொட்டியிருக்கும் என்று மஞ்சள் பற்றுப் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. வடிந்துவிட்டுப் பிறகு அதே இடத்தில் திரும்பவும் வீங்கினால் பல்லைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கோரைப் பல்லின் பின்பக்கத்தையும் பாருங்கள். கம்பிக் கேட்டைக் கடித்துக்கொண்டே தெருவில் போகிறவர்களைக் குரைக்கும் நாய்கள் நம் ஊரில் ஏராளம், அவற்றுக்குக் கோரைப் பல் பின்பக்கமாகத் தேய்ந்து, ஒரு நாள் பாதியில் முறிந்துபோகும். முறிந்த பல்லின் நடுவே சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் உள்ளே நரம்பு வரைக்கும் வழி திறந்திருக்கிறது என்று பொருள். நாய் அதற்காக அழாது, சாப்பாட்டையும் நிறுத்தாது. வலியை மறைப்பதில் நாயை மிஞ்ச ஆள் இல்லை.

ஈறைப் பார்க்கும்போதே அதன் நிறத்தையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். உண்ணிக்கடியால் வரும் பிலியரி காய்ச்சல் இங்கே சாதாரணம், அது வந்தால் ஈறு வெளிறிப்போகும், சில சமயம் மஞ்சளாகும், நாய் சோர்ந்து படுத்துவிடும். வழக்கமான நிறம் தெரிந்திருந்தால்தான் மாறியது தெரியும். வெளிறின ஈறைப் பார்த்தால் வாய் நாற்றத்தையெல்லாம் மறந்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். அது உயிர் போகிற விஷயம்.

இரண்டாவது: எந்த மாதிரி நாற்றம்?

மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

அழுகல் நாற்றம் என்றால் பல், ஈறு. மூத்திர வாடை அடிக்கிறது, நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது, இளைத்திருக்கிறது என்றால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல ஒரு தித்திப்பு வாடையோடு சோர்வும் வாந்தியும் இருந்தால் சர்க்கரை நோய் முற்றிய நிலையாக இருக்கலாம், அதுவும் அவசரம்.

மீன் வாடை வருகிறது, மீன் போடவே இல்லை என்றால் நாயின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆசனவாய்க்கு இரு பக்கமும் இருக்கும் சுரப்பிகள் நிறைந்து அடைத்துக்கொண்டால் நாய் அதை நக்கும், தரையில் தேய்த்துக்கொண்டு நகரும், நக்கின வாயோடு வந்து உங்கள் முகத்தையும் நக்கும். நர்சோ டாக்டரோ சுரப்பியை அமுக்கி விட்டால் தீர்ந்தது. மலம் தின்னும் பழக்கம் உள்ள நாயும் உண்டு, அதற்கு முற்றத்தை உடனுக்குடன் சுத்தம் செய்வதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை.

நாற்றம் திடீரென்று வந்தது, ஒரு பக்கமாக எச்சில் வடிகிறது, முன்னங்காலால் வாயைத் தேய்க்கிறது என்றால் மேலண்ணத்தில் குறுக்கே குச்சியோ எலும்புத் துண்டோ மாட்டியிருக்கலாம். முன்னே சொன்ன ரேபிஸ் எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும், எடுப்பதை டாக்டரிடம் விடுங்கள். வாயில் தசை வளர்ந்து புண்ணாகிக் கட்டியாக இருந்தாலும் இப்படி நாறும், வயதான நாய்களில் நாக்கின் அடியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பானியல், புல்டாக் மாதிரி உதடு தொங்கும் நாய்களில் நாற்றம் வாய்க்கு வெளியேயே இருக்கும். கீழுதட்டு மடிப்புக்குள் எச்சில் தேங்கித் தோல் வெந்துபோயிருக்கும், அதை ஈரத்துணியால் துடைத்து உலர வைத்தாலே பாதி போய்விடும்.

தென்னாப்பிரிக்காவில் தலைவலி தரும் இன்னொன்று, உணவுக்குழாய்ப் புழு. சாண வண்டு வழியாகப் பரவுகிறது. வண்டைத் தின்றாலும் சரி, வண்டைத் தின்ற பல்லியையோ கோழியின் பச்சைக் குடலையோ தின்றாலும் சரி, புழு நாயின் உணவுக்குழாய்ச் சுவருக்குள் போய்க் கட்டியாக வளரும். சாப்பிட்டதைச் செரிக்காத சோறாகவே அப்படியே கக்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, இளைக்கிறது, வாயும் நாறுகிறது, ஆனால் பல் சுத்தமாக இருக்கிறது என்றால் டாக்டரிடம் இந்தப் புழுவைப் பற்றி நீங்களே கேளுங்கள். கடையில் வாங்கும் சாதாரணப் பூச்சி மாத்திரை எல்லாமும் இதற்குப் போதாது.

மூன்றாவது: காரை கட்டியிருந்தால் டாக்டர்தான் எடுக்க வேண்டும்

இரும்புக் கொக்கி ஒன்றை வாங்கி வீட்டிலேயே சுரண்டி எடுப்பதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். செய்ய வேண்டாம். பல்லின் மேற்பூச்சில் கீறல் விழும், கீறலில் காரை இன்னும் வேகமாகப் பிடிக்கும், கை தவறினால் ஈறு கிழியும், நாய் கடிக்கும். அதைவிட முக்கியம், கண்ணுக்குத் தெரியும் காரையை எடுத்தால் பல் பளிச்சென்று இருக்கும், ஈறுக்கு அடியில் இருக்கும் அழுக்கு அப்படியே இருந்து எலும்பைத் தின்றுகொண்டே இருக்கும். "மயக்க மருந்து இல்லாமலே பல் சுத்தம்" என்று நாய் முடி வெட்டும் கடைகளில் விளம்பரம் போடுவதும் இதே கணக்கில்தான் சேரும். வெள்ளையடித்த சுவருக்குப் பின்னால் கரையான் இருந்தால் வீட்டுக்காரருக்குத்தான் நஷ்டம்.

முறையான சுத்தம் என்றால் முழு மயக்கம், மூச்சுக் குழாயில் டியூப், பல் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஊசி மாதிரி ஒரு அளவுகோலை விட்டு ஈறுப் பையின் ஆழம் பார்ப்பது, எக்ஸ்ரே, ஈறுக்கு மேலும் கீழும் ஸ்கேலிங் (காரையைச் சுரண்டி எடுப்பது), கடைசியில் பாலிஷ். டியூப் போடுவது சுவாசத்துக்கு மட்டும் கிடையாது, ஸ்கேலிங் தண்ணீரும் அதிலுள்ள கிருமியும் நுரையீரலுக்குள் போகாமல் தடுப்பதும் அதுதான்.

"பத்து வயசு நாய்க்கு மயக்க மருந்தா, தாங்குமா?" என்பதுதான் எல்லோரும் பயப்படுவது. பயப்படுவது நியாயம். ஆனால் வயது மட்டும் தடையாகாது, இதயம், சிறுநீரகம், கல்லீரல் எப்படி இருக்கின்றன என்பதுதான் கேள்வி, அதற்குத்தான் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை. சீழ் பிடித்த வாயோடு ஆண்டுக்கணக்கில் இருப்பதும் உடம்புக்குச் சுமைதான் என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

நாள் குறிப்பதற்கு முன் போனில் கேட்க வேண்டியவை: ரத்தப் பரிசோதனை விலையில் சேர்ந்ததா, எக்ஸ்ரே எடுப்பார்களா, மயக்கத்தில் இருக்கும்போது கண்காணிக்கத் தனியாக ஒருவர் இருப்பாரா, பல் பிடுங்க வேண்டி வந்தால் முதலில் உங்களுக்குப் போன் செய்வார்களா, வீட்டுக்கு வலி மருந்து தருவார்களா. மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள், குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று இரண்டு தொகையும் இருக்க வேண்டும், ஏனென்றால் நாய் தூங்கின பிறகுதான் எத்தனை பல் கெட்டிருக்கிறது என்பது டாக்டருக்கே தெரியும். நாய்க்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் பல் வைத்தியம் அதில் அடங்குமா என்று பாலிசியைப் படித்துவிட்டுப் போங்கள், பல திட்டங்களில் விபத்தில் உடைந்த பல்லுக்கு மட்டும்தான் பணம் வரும். கையில் அவ்வளவு பணம் இல்லை என்றால் அருகில் உள்ள எஸ்.பி.சி.ஏ. என்ற பிராணி நலச் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள், வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகை விலையில் வைத்தியம் பார்க்கும் கிளினிக்குகள் சில ஊர்களில் உண்டு. பிடுங்காமல் வேர் வைத்தியம் செய்து காப்பாற்ற வேண்டிய பல்லாக இருந்தால் உங்கள் டாக்டர் பல் வைத்தியத்தில் தேர்ந்தவரிடம் அனுப்புவார். பிரிட்டோரியாவுக்கு அருகே ஆண்டர்ஸ்டெபோர்ட்டில் நாட்டின் ஒரே கால்நடை மருத்துவப் பீடமும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன.

நாள் வரும்வரை வலிக்கிறதே என்று பனாடோவோ (பாராசிட்டமால்) இபுப்ரோஃபனோ கொடுக்காதீர்கள். மனுஷனுக்கான வலி மாத்திரை நாய்க்கு விஷமாகலாம்.

நான்காவது: பல் தேய்க்கப் பழக்குவது

வாய் சுத்தமாக இருந்தாலோ, ஈறு ஓரம் கொஞ்சம் சிவந்திருக்கிறது என்ற அளவில் இருந்தாலோ இங்கிருந்து தொடங்கலாம். புண்ணான வாயில் பிரஷ்ஷை விட்டால் வலிக்கும், வலித்தது நாய்க்கு மறக்காது, பிறகு பிரஷ்ஷைக் கண்டாலே சோபாவுக்கு அடியில் போய்விடும். அதனால் புண் இருந்தால் முதலில் வைத்தியம், அப்புறம் பிரஷ்.

தேவையானவை: சின்னக் குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ், நாய்க்கென்றே விற்கும் டூத்பேஸ்ட். நம் டூத்பேஸ்ட் கூடவே கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, எல்லாவற்றையும் விழுங்கிவிடும், அதில் இருக்கும் ஃபுளோரைடும் நுரைப் பொருளும் வயிற்றுக்கு ஆகாது. சில பேஸ்ட்டுகளில் சைலிடால் என்ற இனிப்பு வேறு இருக்கிறது, அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மிலும் அதே சைலிடால் இருக்கலாம், கைப்பையைத் தரையில் வைக்காதீர்கள். நாய் பேஸ்ட் கோழி ருசியில் வருகிறது, அதுதான் உங்களுக்குப் பெரிய துணை.

முதல் சில நாள் பிரஷ்ஷே வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரே நேரம் ஒரே இடம் என்று வைத்துக்கொண்டு, உதட்டைத் தூக்கிவிட்டு உடனே ஒரு சின்னத் தீனி. அவ்வளவுதான், எழுந்து போய்விடுங்கள். நாய் தானாக வந்து நிற்க ஆரம்பித்ததும் விரலில் கொஞ்சம் பேஸ்ட் தடவி நக்கக் கொடுங்கள். அப்புறம் அதே விரலைக் கோரைப் பல்லின் மேல் ஒரு தடவை இழுங்கள். அதற்கு அடுத்த கட்டம், விரலில் சுத்தமான பருத்தித் துணி சுற்றிப் பின்பற்கள் வரைக்கும் போவது. இதையெல்லாம் அவசரப்படாமல் இரண்டு மூன்று வாரத்துக்கு இழுத்தால் பிரஷ் வரும்போது நாய்க்கு அது பெரிய விஷயமாகவே தெரியாது. முற்றத்திலேயே வளர்ந்த, முகத்தைத் தொட்டே பழக்கமில்லாத பெரிய நாய் என்றால் மாதக்கணக்கில்கூட ஆகலாம், ஆகட்டும்.

பிரஷ் பிடிக்கும் விதம் முக்கியம். தூரிகை பாதி பல்லிலும் பாதி ஈறு ஓரத்திலும் படுமாறு சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டும். பேஸ்ட்டை மேலே குவித்து வைத்தால் நாய் நக்கித் தள்ளிவிடும், தூரிகைக்குள் அமுக்கிவிடுங்கள். நாயின் வாய் மூடியே இருக்கலாம், உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே பிரஷ் உள்ளே போய்விடும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் வாயைப் பிளக்கப் பார்த்து, நாய் திமிறி, இரண்டு பேருக்கும் வெறுத்துப்போவதே அதிகம். கோரைப் பல்லில் தொடங்கி, மேல் தாடைப் பின்பற்களுக்குப் போய், பிறகு கீழ்த்தாடை, கடைசியில் முன்பல். முன்பல் மூக்குக்குப் பக்கத்தில் இருப்பதால் நாய்க்கு அங்கே கூச்சம் அதிகம். உள்பக்கத்தை விட்டுவிடுங்கள், நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் போதும்.

தினமும் தேய்க்க வேண்டும். படலம் ஓரிரு நாளில் காரையாகிவிடுகிறது என்று மேலே சொன்னேனே, அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை தேய்ப்பதில் பெரிய பயனில்லை. முடியாத வாரங்களில் ஒருநாள் விட்டு ஒருநாளாவது. ஆரம்ப நாட்களில் பிரஷ்ஷில் லேசாக ரத்தம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், வீங்கின ஈறு அப்படித்தான் கசியும், விடாமல் மெதுவாகத் தேய்த்தால் அதுவே நின்றுவிடும். இரண்டு வாரம் கழித்தும் ரத்தம் வருகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சாப்பாடு, எலும்பு, கடிப்பதற்குக் கொடுப்பவை

உலர் தீனி போட்டால் பல் தானே சுத்தமாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. நாய் சாப்பிடுவதைக் கவனித்துப் பாருங்கள், ஒரு கடி கடித்து உடைக்கும், மீதியை விழுங்கும். பல்லின் நுனிதான் அதில் படுகிறது, ஈறு ஓரத்துக்கு அது போவதே இல்லை. பல்லுக்கென்றே செய்த பெரிய குறுணைத் தீனி இருக்கிறது, அது உடையாமல் பல்லைச் சுற்றித் துடைக்கும், கொஞ்சம் உதவும். கடிக்கும் குச்சிகளில் வி.ஓ.எச்.சி. (கால்நடை வாய் நலக் குழு) முத்திரை போட்டவை சோதித்துப் பார்க்கப்பட்டவை, வாங்குவதென்றால் அதைப் பார்த்து வாங்குங்கள். பச்சைக் கேரட் துண்டு கெடுதல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிராய் (கறி சுட்டுச் சாப்பிடும் விருந்து) முடிந்ததும் எலும்பையெல்லாம் அள்ளி நாய்க்குப் போடுகிற பழக்கத்தை மட்டும் விடுங்கள். வெந்த எலும்பு கூர்கூராகச் சிதறும், அண்ணத்தில் குத்தும், குடலில் அடைக்கும். கறி ருசி ஏறின சொசாட்டிக் குச்சியை (கறித்துண்டு கோத்துச் சுடும் குச்சி) நாய் முழுசாகவே விழுங்கிவிடும், குப்பை வாளியை மூடி வையுங்கள். மீலி (மக்காச்சோளம்) தின்றுவிட்டு வீசும் தக்கையும் அப்படித்தான், நாய்க் குடலில் மாட்டி ஆபரேஷன் வரைக்கும் கொண்டுபோய்விடும். ஆட்டுக்கறிக் குழம்பில் ஊறின எலும்பில் வெங்காயமும் பூண்டும் சேர்ந்து இருக்கிறது, இரண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைப்பவை. வெங்காயம் தாளித்த பருப்புக்கும் அதே கதைதான், நாய்க்கு எடுத்து வைப்பதைத் தாளிப்பதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.

பச்சை எலும்பு கொடுக்கலாமா என்பதில் டாக்டர்களே ஒத்துப்போவதில்லை. கசாப்புக் கடையில் அறுத்துத் தரும் மாட்டுத் தொடையெலும்பு, மான் கொம்பு, குளம்பு ஆகியவற்றை நான் கொடுக்க மாட்டேன், அந்தப் பெரிய பின்பல் பிளந்துபோவது பெரும்பாலும் இவற்றைக் கடித்துத்தான். கட்டைவிரல் நகத்தால் அமுக்கிப் பாருங்கள், நகம் பதியவில்லை என்றால் நாய்ப் பல்லுக்கு அது அதிகக் கடினம். பில்டாங்கில் (உப்புப் போட்டு உலர்த்திய இறைச்சி) உப்பு ஏராளம், பழக்குவதற்குத் தீனியாக அதை வைக்காதீர்கள். கடற்கரையில் டென்னிஸ் பந்து எறிந்து விளையாடுபவர்கள் ரப்பர் பந்துக்கு மாறுவது நல்லது, டென்னிஸ் பந்தின் மேற்துணியில் மணல் ஒட்டிக்கொண்டால் அது உப்புக்காகிதமாகி நாளடைவில் பல்லைத் தேய்த்துவிடும்.

கைவைத்தியங்களில் எலுமிச்சை, உப்பு, சோடா மாவு, கிராம்பு எண்ணெய் எதையும் நாய் வாயில் போட வேண்டாம். புண்ணான ஈறில் அவை எரியும், வயிற்றில் போனால் வாந்தி. மவுத்வாஷும் கூடாது. தேங்காய் எண்ணெய் தடவினால் நாய் சந்தோஷமாக நக்கும், ஆனால் காரை கட்டுவதை அது தடுக்கும் என்று நம்பிப் பிரஷ்ஷைக் கைவிட்டுவிடாதீர்கள். தண்ணீரில் கலக்கும் மருந்துகள் பிரஷ்ஷுக்குத் துணையாக ஓரளவு வேலை செய்யலாம், நாய் அந்தத் தண்ணீரைக் குடிக்க மறுத்தால் உடனே நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரை வையுங்கள். டர்பன் வெயிலில் குடிக்காமல் இருப்பது வாய் நாற்றத்தைவிடப் பெரிய ஆபத்து.

பல் பிடுங்கி வீட்டுக்கு வந்த நாய்க்கு

முதல் நாள் தள்ளாடும், எச்சிலில் கொஞ்சம் ரத்தம் இருக்கும். பத்துப் பதினைந்து நாளுக்கு மிருதுவான சாப்பாடு: ஊறவைத்த தீனி, குழைய வடித்த சோறு, எலும்பில்லாத கோழி, வெங்காயமில்லாமல். கடிக்கும் பொம்மைகளை எடுத்து வைத்துவிடுங்கள். தையல் தானாகக் கரையும். வலி மருந்தை நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். பிரஷ்ஷை எப்போது மறுபடி ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்வார். பல் போய்விட்டதே, எப்படிச் சாப்பிடும் என்று கவலை வேண்டாம், பாதிப் பல் போன நாய்கள்கூட வலி நின்றதும் முன்னைவிட நன்றாகச் சாப்பிடுகின்றன.

வீட்டில் இருப்பது குட்டி என்றால்

குட்டிக்கு 28 பால் பற்கள். மூன்றரை, நான்கு மாதத்தில் விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் எல்லாம் மாறிவிடும். அந்தக் காலத்தில் வாய் கொஞ்சம் நாறும், பொம்மையில் ரத்தக் கறை தெரியும், தரையில் குட்டிப் பல் கிடக்கும், பெரும்பாலும் விழுங்கியே விடும். அதற்கு வைத்தியம் தேவையில்லை. ஈறு வலிக்கும் அந்த மாதங்களில் பிரஷ்ஷை வற்புறுத்தாமல் உதட்டைத் தூக்குவதையும் விரலால் தடவுவதையும் மட்டும் பழக்கி வையுங்கள்.

ஏழு மாதத்துக்குப் பிறகு கோரைப் பல் இருக்கும் இடத்தில் பழசும் புதுசுமாக இரண்டு பற்கள் ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள், சின்ன ஜாதிகளில் இது அடிக்கடி நடக்கும். இரண்டுக்கும் நடுவில் முடியும் உணவும் சிக்கி அங்கேதான் முதல் நாற்றம் தொடங்கும். கருத்தடை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது அந்தப் பால் பல்லையும் எடுத்துவிடச் சொன்னால் ஒரே மயக்கத்தில் இரண்டு வேலையும் முடிந்துவிடும்.